வங்கதேசத் தென்மேற்கு: ஊரைக் காலி செய்வது கடலா, கரையா?

உப்பங்கழி

"வங்கதேசக் கடலோரத்தில் ஆட்களை விரட்டியது காலநிலை அல்ல, அரசு கட்டிய மண்கரைகள்தான்" என்று வேறொரு திரியில் மதகடி எழுதியிருந்தார். அங்கே பேசினால் திசைமாறிப் போகும். அதனால் தனித் திரி.

குல்னா, சாத்கிரா, பாகர்ஹாட் ஆகிய மூன்று மாவட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2007 நவம்பர் 15இல் சிடர் புயல். 2009 மே 25இல் ஐலா. 2020 மே 20இல் அம்பன். 2021 மே 26இல் யாஸ். 2024 மே 26இல் ரேமல். பதினேழு ஆண்டுக்குள் ஐந்து புயல். உலகக் கடல்மட்டம் 1993 வாக்கில் ஆண்டுக்கு 2 மி.மீ. சொச்சம் ஏறிக்கொண்டிருந்தது, 2023இல் அந்த வேகம் 4.5 மி.மீ. அந்நாட்டின் மண்வள மேம்பாட்டு நிறுவனம் அளந்த உவர்நிலம் 1973இல் 8.33 லட்சம் ஹெக்டேர், 2009இல் 10.56 லட்சம் ஹெக்டேர். உலக வங்கியின் 2021 ஆம் ஆண்டு கிரவுண்ட்ஸ்வெல் அறிக்கை, மோசமான நிலைமையில் 2050க்குள் ஆறு உலகப் பகுதிகளில் 21.6 கோடிப் பேர் தத்தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடும் என்கிறது. அதில் வங்கதேசப் பங்கு கிட்டத்தட்ட 2 கோடி. இவ்வளவுக்கும் பிறகு கரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, உமிழ்வுக்குப் பொறுப்பான நாடுகளைத் தப்பவிடுவது. இதுதான் என் மறுப்பு.

மதகடி

ஐந்து புயலையும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிடர் கொடும்புயல். சுமார் 3,400 பேர் செத்தார்கள். ஐலாவின் காற்று வேகம் அதில் பாதி அளவுதான். வங்கதேசத்தில் இறந்தவர்கள் சுமார் 190. ஆனால் குடும்பம் குடும்பமாக ஊர் காலியானது ஐலாவுக்குப் பிறகு. காரணம் காற்றும் இல்லை, அலை உயரமும் இல்லை. சிடர் அடித்த இடங்களில் பெரும்பாலும் கடல்நீர் வந்த வேகத்தில் வடிந்தது. ஐலாவில் தாகோப், கொய்ரா, சியாம்நகர் வட்டாரங்களில் உள்ளே வந்த உப்புநீர் சில இடங்களில் இரண்டு ஆண்டு வெளியேறவே இல்லை.

ஏன் வெளியேறவில்லை என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 1960களில், கிழக்குப் பாகிஸ்தான் காலத்தில், அமெரிக்க நிதியுதவியோடு டச்சு முறையில் 'போல்டர்' கட்டத் தொடங்கினார்கள். ஓத ஆறுகளுக்கு (கடலின் ஏற்றமும் வற்றமும் உள்ளே வந்துபோகும் ஆறுகளுக்கு) நடுவே உள்ள நிலத்தீவைச் சுற்றி மண்கரை எழுப்பி, அங்கங்கே மதகு வைப்பது. இன்று 139 போல்டர்கள், சுமார் 12 லட்சம் ஹெக்டேர். அதற்கு முன்பு அங்கே 'அஷ்டமாசி' கரை என்ற வழக்கம் இருந்தது. பயிர்க் காலத்தை ஒட்டி எட்டு மாதம் தாழ்வான மண்கரை. மிச்ச நான்கு மாதம் திறந்துவிடுவார்கள். திறந்த நாட்களில் ஓதத்தோடு வண்டல் ஏறி வயல் மேடாகும். நிரந்தரக் கரை வந்ததும் வண்டல் வயலுக்கு வரவில்லை, ஆற்றுப் படுகையில் தங்கியது. ஆறு மேடானது, வயல் தாழ்ந்தது.

எவ்வளவு தாழ்ந்தது? தாகோப்பில் உள்ள 32ஆம் எண் போல்டரைப் பக்கத்திலேயே இருக்கும் சுந்தரவனக் காட்டோடு ஒப்பிட்டு அளந்த ஆய்வு 2015இல் வந்தது. ஐம்பது ஆண்டுக்குள் உள்நிலம் காட்டைவிட 1 முதல் 1.5 மீட்டர் தாழ்ந்துவிட்டது. கரையே இல்லாத காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. வண்டல் படிந்து, ஏறும் கடலோடு கூடவே தரையும் ஏறியிருக்கிறது. ஒரே கடல், ஒரே புயல். ஒன்று கிண்ணம், மற்றொன்று மேடு.

உடைப்பு நடக்கும் விதத்தையும் சொல்கிறேன். ஐலா வந்தது 2009 மே 24 அமாவாசைக்கு மறுநாள். ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரம். முதல் நாள் உடைப்பு சில மீட்டர் அகலம்தான் இருக்கும். அங்கே 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு ஏற்றம். அதாவது நாளைக்கு இரண்டு முறை நீர் உள்ளே பாயும், இரண்டு முறை வெளியே பாயும். உள்நிலம் தாழ்வு என்பதால் பாய்ச்சலின் வேகம் அதிகம். உடைப்பின் அடியை அரித்துப் பள்ளமாக்கும். பழைய கால்வாயை மறித்துக் கரை போட்ட இடத்தில்தான் பெரும்பாலும் உடையும். அங்கே அடிமண் இளகல், ஓதமும் பழைய வழியைத்தான் தேடும். அடுத்த அஷ்டமியை ஒட்டி ஓதம் தணியும் நாலைந்து நாளில் மூங்கில் முளை அடித்து, மண்மூட்டை அடுக்கி அடைத்துவிட்டால் பிழைத்தது. அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த பௌர்ணமி ஓதத்தில் உடைப்பு பல மடங்கு அகலமாகும். பிறகு மூட்டையால் ஆகாது. டிரெட்ஜர், டெண்டர், அடுத்த ஆண்டு பட்ஜெட் என்று போய்விடும்.

இதற்குப் பெயர் காலநிலை என்று வைத்தால், அந்த நாலைந்து நாளில் மூட்டை கொண்டுவர வேண்டியவர் யார் என்ற கேள்வியே எழாமல் போகிறது.

உப்பங்கழி

உடைப்பைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியையும் ஏற்கிறேன். முடிவை ஏற்கவில்லை.

முதலாவது, அந்தக் கரைகள் அன்றாட ஓத உப்பைத் தடுக்கக் கட்டியவை. புயல் அலையைத் தடுக்க அல்ல. ஆண்டுக்கு ஆண்டு அடித்தளக் கடல்மட்டம் ஏறும்போது, முன்பு கரை மேல் வழியாத அதே புயல் இப்போது வழியும். இரண்டாவது, காடு கடலோடு சேர்ந்து ஏறியது இதுவரை. கடல் ஏறும் வேகம் முப்பது ஆண்டில் இரட்டித்துவிட்டது. வண்டலின் வரத்து இரட்டிக்கவில்லை. மேலே அணைகள் கட்டக் கட்டக் குறையத்தான் செய்யும். மூன்றாவது, போல்டர் வந்த முதல் பதினைந்து இருபது ஆண்டில் நெல் விளைச்சல் கூடியது, குடிமக்கள் பெருகினார்கள். அந்த நன்மையையும் கணக்கில் எழுத வேண்டாமா? 1970 நவம்பர் 12 போலாப் புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்ட கடற்கரை அது. கரையைக் குற்றம் சொல்வது எளிது. கரை இல்லாத ஒரு காலம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதகடி

ஒரு திருத்தம் மட்டும். சாவு குறைந்ததற்குக் கரை காரணமல்ல. 1991 புயலில், கரைகள் இருக்கும்போதே, சுமார் 1.38 லட்சம் பேர் இறந்தார்கள். அம்பனில் வங்கதேசத்தில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். நடுவில் வந்தவை முன்னெச்சரிக்கை, மெகாபோனோடு தெருத்தெருவாகப் போகும் தொண்டர் படை, கான்கிரீட் புகலிடங்கள். உயிரைக் காத்தது அந்த ஏற்பாடு.

இன்னொன்று, ஓத உயரம். குல்னா, மோங்லா, ஹிரோன் பாயிண்ட் அளவுக்கோல்களை வைத்து 2013இல் வந்த ஆய்வைப் பாருங்கள். சராசரிக் கடல்மட்டத்தைவிட ஏற்றநீரின் உச்சம் வேகமாக உயர்கிறது, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல். கடலிலிருந்து உள்ளே போகப் போக இன்னும் வேகம். விரிந்து பரவ வேண்டிய நீரைக் கரைகளுக்கு நடுவே நெருக்கியதால் வரும் உயர்வு இது. கடல் ஏறுவது உண்மை. அந்த மூன்று மாவட்டங்களில் அதைப் பெருக்கிக் காட்டியது கரை.

ஈரநிலம்

இருவரும் உடைந்த கரையைப் பற்றியே பேசுகிறீர்கள். உடையாத கரைக்குள் உப்பு எப்படி வந்தது?

1980களிலிருந்து ஏற்றுமதி இறாலுக்காக வேண்டுமென்றே விட்டார்கள். ஜனவரி, பிப்ரவரியில் மதகைத் திறந்து உப்புநீரை வயலுக்குள் நிரப்பி 'பாக்தா' எனும் வரி இறாலை விடுவார்கள். மதகு போதவில்லை என்றால் கரையின் வயிற்றில் துளைபோட்டுக் குழாய் செருகுவார்கள். குழாயின் வெளிச்சுவரை ஒட்டி நீர் கசியும். கசியும்போது நைஸ் மண்ணை ஒவ்வொரு துளியாகக் கூட்டிக்கொண்டு போகும். உள்ளுக்குள் பொந்து விழும். வெளியிலிருந்து பார்த்தால் கரை உறுதியாகத் தெரியும். புயல் வந்த அன்று அந்த இடம்தான் முதலில் சரியும்.

முதலில் ஊரைவிட்டுப் போனவர் நிலம் உள்ளவர் அல்ல. நெல்லுக்கு நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க ஆள் வேண்டும். இறால் குட்டைக்கு ஒரு காவலாளும் மதகு திறக்க ஒருவரும் போதும். கூலிக்குப் போன பெண்களுக்கு வேலை போனது. புல் கருகியதால் மாடு போனது, மாடு போனதால் பாலும் வறட்டியும் போயின. உப்பு ஏறிய வீட்டுத் தோட்டத்தில் கீரை முளைக்காது. இத்தனையும் புயல் இல்லாத ஆண்டுகளில் நடந்தவை.

மண்ணின் உப்பு நெல்லை என்ன செய்யும் என்பதற்கு வாய்ப்பாடே இருக்கிறது. மண்ணின் உப்பைக் காட்டும் அளவான மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும். 7 என்றால் பாதி போயிற்று. உப்பைத் தாங்கும் 'பிரி தான் 47' என்ற வங்கதேச நெல் ரகம் 2007இல் வந்தது. கதிர் முற்றினால் மணி உதிரும் என்பதால் விவசாயிகள் தயங்கினார்கள். 'பிரி தான் 67' அந்தக் குறை இல்லாமல் 8 வரை தாங்கும். ஆனால் எந்த ரகமும் இறால் குட்டைக்கு அடுத்த வயலில் பிழைக்காது. வரப்பு வழியாக உப்பு கசிந்துகொண்டே இருக்கும்.

எதிர்த்தவர்கள் இருந்தார்கள். குல்னா மாவட்டம் பைக்காச்சாவில் 22ஆம் எண் போல்டருக்குள் இறால் குட்டை போட வந்தவர்களை ஊரே மறித்தது. 1990 நவம்பர் 7 அன்று ஊர்வலத்தின் முன்னால் நின்ற கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். நிலமற்ற பெண். அந்தப் போல்டருக்குள் உப்பு இறால் இன்றுவரை நுழையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அங்கே கூடுகிறார்கள்.

ஆகவே உப்பங்கழி, 8.33 லட்சம் 10.56 லட்சம் ஆனதில் எவ்வளவு கடல், எவ்வளவு இறால், 1975க்குப் பின் இந்தியா கங்கையில் கட்டிய ஃபராக்கா அணையால் கங்கையின் கிளையான கோராய் ஆற்றில் கோடைக்கால நன்னீர் குறைந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் மொத்தத்தையும் காலநிலை மேல் எழுத முடியாது.

கடலோடி

நாகப்பட்டினம் பக்கம் இதே இறால் பண்ணைக்கு எதிரா காந்தியவாதி ஜகந்நாதன் அய்யா உச்ச நீதிமன்றம் போய், 1996 டிசம்பர்ல தீர்ப்பு வாங்கினாரே. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள பண்ணை கூடாதுன்னு. அங்க அந்த மாதிரி எதுவும் இல்லையா? அப்புறம் ஒரு சந்தேகம். சோத்துக்கு வழி இல்லாமப் போறது ஒரு பக்கம், குடிதண்ணிக்கு என்ன பண்றாங்க?

ஈரநிலம்

தமிழ்நாட்டுத் தீர்ப்புக்குப் பிறகும் 2005இல் தனிச் சட்டம் வந்து உரிமம் கொடுக்கும் முறையானது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் வென்ற இடங்களில் ஊர் திரண்டு நின்றதுதான் முதல் பாதுகாப்பு.

தண்ணீர்க் கணக்கு இது. ஐந்து பேர் வீடு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர். நாளைக்கு 25 லிட்டர். நவம்பர் முதல் மே வரை மழை குறைந்த 210 நாளுக்கு 5,250 லிட்டர். குல்னாவில் ஆண்டு மழை சுமார் 1,800 மி.மீ.; 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் விரயம் போக 28,000 லிட்டர் இறங்கும். மழைக்குப் பஞ்சமில்லை, பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லை. உதவித் திட்டங்களில் கொடுப்பது பெரும்பாலும் 2,000 லிட்டர் தொட்டி. நவம்பரில் நிரம்பியிருந்தாலும் ஜனவரி இறுதியில் காலி. அதற்குப் பிறகு ஊர்க் குளம், அதன் கரையில் இருக்கும் மணல் வடிகட்டி. குளத்தில் ஒருமுறை கடல்நீர் விழுந்தால் வடிகட்டியால் ஒன்றும் ஆகாது, மணல் உப்பை வடிக்காது. குளத்தை மீட்க டீசல் பம்பு வைத்து முழுக்க இறைத்து, அடிச்சேற்றை வெட்டி எடுத்து, ஜூன் மழைக்கு முன் காலியாக வைக்க வேண்டும். உடைப்பு அடைபடாத ஊரில் இதைச் செய்து பயனில்லை, அடுத்த ஏற்றத்தில் மறுபடி உப்பு.

ஆழ்குழாய்க் கிணறும் பல இடங்களில் உவர்ப்புதான். தாகோப்பில் கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்தைப் பார்த்த ஆய்வு, மழைக்காலத்தைவிடக் கோடையில் உயர் அழுத்தம் அதிகம் என்று காட்டியது. தண்ணீருக்காகப் பெண்கள் நடக்கும் தூரம் எந்த இடப்பெயர்வுப் புள்ளிவிவரத்திலும் வராது. ஆனால் "இங்கே இனி முடியாது" என்று வீட்டில் முதலில் சொல்வது பெரும்பாலும் குடம் தூக்குபவர்தான்.

கணக்குப்பிள்ளை

எண்களைப் பற்றி ஒரு குறிப்பு. இரு தரப்பும் தவறாகப் பயன்படுத்தும் அபாயம் இருக்கிறது.

ஜெனிவாவில் உள்ள உள்நாட்டு இடப்பெயர்வு கண்காணிப்பு மையம் ஆண்டுதோறும் வெளியிடுவது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, நகர்வுகளின் எண்ணிக்கை. ஒரே ஆள் இரண்டு புயலுக்கு இரண்டு முறை புகலிடம் போனால் இரண்டு. அம்பனுக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 50 லட்சம் நகர்வுகள் பதிவாயின. பெரும்பகுதி முன்கூட்டியே வெளியேற்றியது. உயிர் காத்த ஏற்பாட்டின் எண்ணிக்கை அது. மூன்றாம் நாள் வீடு திரும்பியவரும், வீடே இல்லாமல் கரைமேல் தார்ப்பாய் கட்டி இரண்டு ஆண்டு இருந்தவரும் அதில் ஒன்றுதான். உப்பால் மெல்ல நொடித்து, ஒரு நவம்பரில் பஸ் ஏறியவர் அதில் இல்லவே இல்லை.

கிரவுண்ட்ஸ்வெல் எண் கணிப்பு கூட அல்ல. குறிப்பிட்ட நிபந்தனைகளில் என்ன ஆகும் என்ற மாதிரிக் கணக்கு. நல்ல வளர்ச்சியும் உமிழ்வுக் குறைப்பும் இருந்தால் 80 சதவீதம் வரை குறையலாம் என்று அதே அறிக்கை சொல்கிறது. 2010க்குள் 5 கோடிக் காலநிலை அகதிகள் என்று 2005இல் பரப்பிய எண் எப்படிப் பொய்த்தது என்பது நினைவிருக்கும். அந்த மாதிரி எண்கள் ஐரோப்பாவில் வேலி கட்டச் சொல்பவர்களுக்குத்தான் உதவின.

வங்கதேசத்துக்கு இரண்டு ஆய்வுகள் முக்கியம். 2012இல் கிரேயும் முல்லரும், சுமார் பதினைந்து ஆண்டு ஊர்த்தரவை வைத்து, வெள்ளத்தால் நீண்டகால இடப்பெயர்வு அவ்வளவாகக் கூடவில்லை, வெள்ளம் அல்லாத பயிர்ச்சேதத்தால் கூடுகிறது என்று காட்டினார்கள். 2018இல் சென்னும் முல்லரும், மண்ணில் உப்பு ஏறினால் நாட்டுக்குள் இடப்பெயர்வு கூடுகிறது, வெளிநாட்டுக்குப் போவது குறைகிறது என்று கண்டார்கள்.

உப்பங்கழி

அந்தக் கடைசி வரிதான் என் தரப்பின் மையம், கணக்குப்பிள்ளை. வளைகுடா போக ஏஜெண்டுக்குப் பணம் வேண்டும். நிலத்தை விற்றோ அடகு வைத்தோதான் புரட்டுவார்கள். உப்பு ஏறிய நிலத்தை யார் வாங்குவார்? ஆக, அதிகம் அடிபட்டவர் குறைந்த தூரமே போக முடிகிறது. "எல்லை தாண்டிப் படையெடுத்து வருகிறார்கள்" என்ற பீதி அடியோடு தவறு. போகவே முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் பெரிய கூட்டம்.

போகிறவரின் முதல் பயணமும் நிரந்தரமானதல்ல. சாத்கிராவில் அது செங்கல் சூளை. மழை ஓய்ந்த காலத்தில் ஊர்த் தரகரான 'சர்தார்' வந்து 'தாதன்' எனும் முன்பணம் கொடுப்பார். அடுப்பெரியாத மாதம் என்பதால் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. நவம்பரில் போய் ஏப்ரல், மே வரை ஆறு மாதம் கல் அறுப்பது, சுமப்பது, சூளை அடுக்குவது. கூலி முன்பணத்தில் கழியும். ஊரில் வாங்கிய குழுக்கடனின் வாரத்தவணையை மனைவி கட்டவேண்டும். தவணை தவறினால் அடுத்த ஆண்டு அவளும் சூளைக்கு. குழந்தை கூடவே போகும். பள்ளிப் பதிவேட்டில் பெயர் நின்றுவிடும். மூன்று நான்கு பருவம் இப்படிப் போன பிறகுதான் வீட்டைப் பிரித்துக்கொண்டு குல்னா நகரத்துக்கோ டாக்காவுக்கோ. டாக்கா மிர்பூரில் 1970 புயலுக்குப் பின் வந்தவர்களால் உருவான குடிசைப் பகுதிக்கு இன்றும் போலா பஸ்தி என்றுதான் பெயர். இரண்டு தலைமுறை ஆன பிறகும் பட்டா கிடையாது.

இவர்களைப் பார்த்து "நீ இடம்பெயர்ந்தது காலநிலையாலா, கந்துவட்டியாலா" என்று கேட்பதில் என்ன பொருள்? 1951 அகதிகள் உடன்படிக்கையின் ஐந்து காரணங்களில் எதிலும் இவர்கள் வரமாட்டார்கள். எல்லையும் தாண்டவில்லை. மதகடி, நாளையே எல்லா உடைப்பையும் அடைத்துவிட்டாலும் இன்னும் முப்பது ஆண்டில் அந்த மூன்று மாவட்டத்தில் ஒரு பகுதியில் வாழ முடியாமல் போகும். அதற்கான ஏற்பாட்டை இன்றைக்கே தொடங்காமல் கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மதகடி

வேதனை எனக்கும்தான். ஆனால் "வாழ முடியாமல் போகும்" என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதினால் அந்தப் போல்டருக்கு யாரும் ஒரு கூடை மண்கூடப் போடமாட்டார்கள். எழுதிய தீர்ப்பு தானே நிறைவேறும்.

தாழ்ந்த நிலத்தை உயர்த்த முடியும் என்பதற்குச் சான்று அங்கேயே இருக்கிறது. 32ஆம் போல்டரில் உடைப்பு திறந்திருந்த இரண்டு ஆண்டில் ஓதம் கொண்டுவந்து போட்ட வண்டல் பல இடங்களில் ஓரடிக்கு மேல். அதையே திட்டமிட்டுச் செய்வதுதான் ஓத ஆற்று மேலாண்மை. 1997இல் ஜெசோர் பக்கம் ஹரி ஆற்றங்கரையில் பில் பாய்னா என்ற தாழ்நிலத்து மக்கள் அதிகாரிகளைக் கேட்காமல் தாங்களே கரையை வெட்டினார்கள். 2001 வரை திறந்து வைத்தார்கள். தேங்கிக் கிடந்த நிலம் உயர்ந்தது, தூர்ந்துபோன ஆறும் ஆழமானது.

முறை இதுதான். தாழ்நிலத்தைச் சுற்றி உள்கரை போட்டு ஊர்களைப் பிரித்துவிட வேண்டும். ஆற்றுக்கரையில் ஒரு வாய் வெட்டி, இணைப்புக் கால்வாய் தோண்ட வேண்டும். ஏற்றத்தில் கலங்கல் நீர் உள்ளே வந்து பரவி நிற்கும்போது வண்டல் இறங்கும். வற்றத்தில் தெளிந்த நீர் வேகமாகத் திரும்பும்போது ஆற்றுப் படுகையை அரித்துச் சுத்தம் செய்யும். மூன்று முதல் ஐந்து ஆண்டு கழித்து வாயை மூடி, அடுத்த தாழ்நிலத்துக்குப் போக வேண்டும். இடைவெளி விடக் கூடாது. விட்டால் ஒரே கோடையில் ஆறு மறுபடி தூர்ந்துவிடும்.

கெடும் இடம் இரண்டு. வெட்டிய வாய்க்குப் பக்கத்தில் வண்டல் குவிந்து, தூரத்து மூலை பள்ளமாகவே நிற்கும். இதற்கு வாயை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது உள்ளே பெட்டி பெட்டியாகப் பிரித்து நிரப்ப வேண்டும். இன்னொன்று...

ஈரநிலம்

இன்னொன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் இந்தத் திரியின் கேள்வி. அந்த மூன்று முதல் ஐந்து ஆண்டு நிலம் தண்ணீருக்கு அடியில் இருக்கும். அதுவரை அங்கே உழுதவர் எங்கே போவார்? அதே செங்கல் சூளைக்குத்தான். கடல் செய்ததை இப்போது திட்டம் செய்கிறது.

இழப்பீடு உண்டு என்பீர்கள். வாங்க நிலப் பத்திரம் வேண்டும். தாத்தா பெயரில் இருக்கும் நிலத்துக்கு நாலு வாரிசு கையெழுத்து, வரி ரசீது, வட்ட அலுவலகத்துக்குப் பத்து நடை. சிறு துண்டுக்காரருக்குக் கிடைக்கும் தொகையை நடைச்செலவே தின்றுவிடும், பாதிப்பேர் விண்ணப்பிக்கவே இல்லை. விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கு உழுதவருக்கும் கூலிக்காரருக்கும் ஒன்றுமே இல்லை. கிழக்கு பில் குக்ஷியாவில் இப்படி நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் 2012இல் பில் கபாலியா மக்கள் வெட்டவே விடவில்லை. அங்கே கைகலப்பாகி வாகனங்கள் எரிந்தன. வேலை நின்றது. பொறியியல் சரி, பணம் கொடுத்த வரிசை தவறு.

மதகடி

நான் எழுதவந்த இரண்டாவதும் அதுதான். மறுக்க எதுவுமில்லை. வெட்டுவதற்கு முன்பு, உழுபவர் கையில், பயிர் மதிப்பை வைத்துப் பணம் போக வேண்டும். அப்படிச் செய்யாத இடத்தில் ஊர் மறிப்பது நியாயம்.

கணக்குப்பிள்ளை

கரையை உயர்த்தும் செலவையும் பார்த்துவிடுங்கள். உலக வங்கியின் 40 கோடி டாலர் திட்டம் 2013இல் 17 போல்டர்களைப் புதுப்பிக்கத் தொடங்கி, 10 போல்டர்களோடு முடிந்தது. மொத்தம் 139. அதிலும் ஆறு அரித்தால் கரையை உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டுவார்கள். புதுக்கரைக்கு வெளியே விடுபட்ட வீடுகளுக்கு யாரும் பொறுப்பில்லை. கரை வேலையே ஆட்களை நகர்த்துகிறது.

உப்பங்கழி

இப்போது நாம் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம். கரையை உயர்த்தினாலும், நிலத்தை உயர்த்தினாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒரு பகுதியினர் நகர்வார்கள். அப்படியானால் எங்கே, எப்படி?

எல்லாரும் டாக்காவுக்கு என்பது தாங்காது. மறைந்த வங்கதேசக் காலநிலை அறிஞர் சலீமுல் ஹக் திரும்பத் திரும்பச் சொன்னது, மோங்லா போன்ற சிறு நகரங்களைத் தயார் செய்யுங்கள் என்பது. துறைமுகமும் ஏற்றுமதி மண்டலமும் இருப்பதால் அங்கே வேலை இருக்கிறது. ஊரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் மோங்லாவுக்கும் குடிநீர் உவர்ப்புதான். குடிநீரும் வாடகை வீடும் இல்லாமல் வேலை மட்டும் கொடுத்தால் இன்னொரு பஸ்தி உருவாகும்.

அரசே கட்டிக்கொடுத்த முன்மாதிரி காக்ஸ்பஜார் குருஷ்குலில் இருக்கிறது. 1991 புயலுக்குப் பின் குதுப்தியா தீவு முதலிய இடங்களிலிருந்து வந்து விமான நிலையம் பக்கம் குடியேறியவர்களுக்காக 139 ஐந்து மாடிக் கட்டடங்கள், சுமார் 4,400 குடும்பத்துக்கு. முதல் பகுதி 2020 ஜூலையில் ஒப்படைக்கப்பட்டது. கட்டடம் உறுதி. ஆனால் அங்கே போகிறவர்களில் பலர் மீன் உலர்த்துபவர்கள், வலைக்குப் போகிறவர்கள். கருவாடு காயவைக்கத் தரை வேண்டும், படகு கண்ணெதிரே நிற்க வேண்டும். ஐந்தாம் மாடியில் எதைக் காயவைப்பது? வெளியேற்றத்துக்கு உடனடிக் காரணமும் விமான நிலைய விரிவாக்கம்தான், கடல் அல்ல. இதை மதகடி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கடலோடி

ஒண்ணு மட்டும் புரியல. அடுத்த புயல் வந்தா, இவங்க போகப் போறாங்களா இல்லையான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது? செய்தியில காத்து வேகமும் செத்தவங்க கணக்கும் மட்டும்தான் வருது.

மதகடி

நாட்காட்டியை வைத்து. அங்கே முதன்மைப் போகம் ஆமன் நெல். ஜூனில் நாற்றங்கால், ஜூலை ஆகஸ்டில் நடவு, நவம்பர் டிசம்பரில் அறுவடை. மேயில் அடித்த புயலின் உடைப்பு ஜூன் நடுவுக்குள் அடைபட்டால், பருவமழை மேல்மண் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். வடிகால் மதகு வேலை செய்தால் தாமதமாகவாவது நடலாம். ஜூலை தாண்டினால் அந்த ஆண்டு நெல் இல்லை. நவம்பரில் சர்தார் முன்பணத்தோடு வருவார்.

ஈரநிலம்

அதோடு மதகின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். உடைப்பு அடைபட்ட பிறகும் ஜனவரியில் இறாலுக்கு மதகு திறந்தால், மழை கழுவிய உப்பு அத்தனையும் மறுபடி வயலில்.

உப்பங்கழி

ஜூன் நடு என்ற கெடுவை ஏற்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கங்கை நீர்ப் பங்கீட்டுக்கு 1996 டிசம்பரில் போட்ட 30 ஆண்டு ஒப்பந்தம் 2026 டிசம்பரோடு முடிகிறது. கோராயில் கோடையில் எவ்வளவு நன்னீர் இறங்கும் என்பது அதற்குப் பிறகு என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குத் தனித் திரி தொடங்குகிறேன். ஈரநிலம், இழப்பீட்டில் விடுபட்ட வாரக்காரர்களைப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி என்று அங்கே விரிவாக எழுதுங்கள். உழுபவர் பெயர் ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும், ஆமன் நடவுக்கு முன்பே.